பல்லுக்குள் கற்பூர ஆரத்தி

வாயை 'ஆ'வென்று பிளந்துகொண்டு மல்லாந்து கிடக்கிறவனுக்குக் கௌரவம் என்று ஒன்று மிச்சமில்லை. ஒரு கன்னத்தில் பஞ்சு, மறு கன்னத்தில் எச்சிலை உறிஞ்சும் குழாய், மூக்குக்கு மேலே டாக்டரின் முழங்கை. கீழ்க் கடைவாயில் சொத்தை. குடைந்து முடித்தவர் நீல நிற ஜெல் ஒன்றைத் தடவினார், தண்ணீர் பீய்ச்சினார், ஏதோ ஒரு திரவத்தில் சொட்டெடுத்துத் துளியூண்டு பிரஷ்ஷால் தேய்த்தார். அப்புறம் ஆரஞ்சு நிறத் தட்டி ஒன்றை நடுவில் பிடித்தபடி டார்ச் மாதிரி ஒன்றை உள்ளே நீட்டினார். பளீரென்று நீல வெளிச்சம். இருபது விநாடி. 'பீப்'.

"ங்ங்ஞ ஆஞ்ஞர் ங்து?" என்றேன்.

அந்த மொழி அவர்களுக்குப் புரியும். ஐந்து வருஷப் படிப்பில் அதுவும் சேர்த்தி.

"பசை சார். லைட் பட்டா இறுகிக்கும். உள்ள கற்பூரச் சமாச்சாரம் இருக்கு, அதான் வெளிச்சத்தைப் பிடிக்குது. பேசாதீங்க, எச்சி பட்டா போச்சு."

கற்பூரமா? ஆயுசில் எத்தனையோ ஆரத்தி பார்த்தாயிற்று, வாய்க்குள்ளேயே காட்டியது இதுதான் முதல் தடவை. மரத்துப்போன உதட்டோடு வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கப் பல்வலி மறந்து சிரிப்பு வந்தது.

இப்போது ரசாயன ஆய்வுக்கூடங்களில் 'புதுப்பிக்கத்தக்க மோனோமர்' என்று ஏகப்பட்ட பேச்சு. மோனோமர் என்பது ஒற்றை மணி. கோத்தால் வருகிற மாலைதான் பாலிமர். அந்த மணியைப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்காமல் செடி, விதை, சர்க்கரை, பூஞ்சை என்று எடுத்தால் அது புதுப்பிக்கத்தக்கது. பல் ஒட்டும் பசையையும் அப்படிச் செய்யப்போகிறார்களாம். 'புத்தம்புதிய அணுகுமுறை' என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறார்கள். பல்லின் பழைய கணக்கைப் புரட்டியவனுக்கு, ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வந்து சொந்த வீட்டுக் கதவைத் தட்டி "இங்கே வாடகைக்கு இடம் இருக்கா?" என்று கேட்பது போலத்தான் இருக்கிறது.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். இத்தாலியில், டஸ்கனிப் பக்கம் ரிபாரோ ஃப்ரெடியன் என்ற பாறைக் குடிலில் சுமார் 13,000 ஆண்டுப் பழைய முன்பற்கள் கிடைத்தன. சொத்தையைக் கல்லால் சுரண்டி எடுத்து, உள்ளே தார் வைத்து அடைத்திருக்கிறார்கள். தாரோடு முடியும் நாரும் வேறு. தார் என்பது பெட்ரோலியத்தின் சொந்தக்காரன். ஆக உலகத்தின் மிகப் பழைய பல் அடைப்புகளில் ஒன்று பெட்ரோகெமிக்கல்! மாமத யானை முழுசாக அழிவதற்கு முன்பே நாம் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டோம்.

அதற்கு எத்தனையோ தலைமுறை கழித்து, 6,500 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஸ்லோவேனியாவில் லோன்சே என்ற இடத்தில் ஒருவருக்குக் கோரைப்பல் விரிசல் விட்டது. அதன்மேல் தேன்மெழுகு பூசியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது பூசினார்களா, செத்த பிறகு சடங்காகப் பூசினார்களா என்று விஞ்ஞானிகள் இழுக்கிறார்கள். செத்தவருக்குப் பல் கூசாது என்பது என் கட்சி. எப்படியானாலும் தேனீ புதுப்பிக்கத்தக்கது. கோப்பில் முதல் கையெழுத்து அதனுடையதுதான்.

இடையில் சில ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிவிடலாம். தங்கத் தகடு, ஈயம், பாதரசக் கலவை என்று வைத்தார்கள், எதுவும் ஒட்டவில்லை. ஒட்டாத பொருள் விழாமல் நிற்க வேண்டுமானால் ஒரே வழி: குழியைக் குடம் மாதிரி குடைய வேண்டும். வாய் குறுகல், வயிறு அகலம். சொத்தை மிளகளவு இருந்தாலும் நல்ல பல்லையும் சேர்த்துப் பாக்களவு தோண்டினார்கள். பசை கிடைக்காத குறைக்கு, சொத்தைக்குப் பக்கத்தில் குடியிருந்த பாவத்துக்காக நல்ல பல் தண்டம் கட்டியது.

சொத்தை முற்றிப் பல்லே போனவர்களுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு, அமெரிக்கா. சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, ஒழுகாத ரப்பரைக் கண்டுபிடித்துவிட்டு, 1860இல் கடனாளியாகச் செத்தார். கந்தகத்தை இன்னும் தூக்கலாகப் போட்டால் ரப்பர் கல்லாய் இறுகும். அதுதான் வல்கனைட். பல் செட்டின் தளம் செய்ய அதைவிட மலிவாக ஒன்று அதுவரை கிடைத்ததில்லை. நிறம்தான் கருங்காலிக் கட்டை மாதிரி. ஈறு சிவப்பாக இருக்க வேண்டுமே என்று சாதிலிங்கத்தை அரைத்துப் போட்டார்கள். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த அதே சாதிலிங்கம். அதை வாயில் வைத்துக்கொண்டுதான் பெரியவர்கள் ஆரோக்கியத்தைப் பற்றி உபதேசம் செய்தார்கள்.

மரம் தந்த பாலை மனிதன் சும்மா விடுவானா? காப்புரிமை போட்டான். 'குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி' என்று ஒன்று கிளம்பியது. பல் டாக்டர்கள் உரிமத்துக்குத் தனியாக, செட்டுக்குத் தனியாக அழ வேண்டும். கம்பெனிப் பொருளாளர் ஜோசையா பேக்கன், அழாதவர்கள்மேல் ஊர் ஊராகப் போய் வழக்குப் போட்டார். வட்டிக்காரன் நாலு தெரு சுற்றுவான். இந்த மனிதர் ஒரு கண்டத்தையே சுற்றினார்.

டெலவேரில் சாமுவேல் சால்ஃபன்ட் என்றொரு பல் டாக்டர். கட்ட மாட்டேன் என்றார். வழக்கு வந்ததும் செயின்ட் லூயிஸுக்கு ஓடினார். பேக்கன் அங்கேயும் விடவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு ஓடினார். அதற்கு மேல் ஓடினால் கடல். 1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. பேக்கன் தங்கியிருந்த பால்ட்வின் ஹோட்டலுக்குத் துப்பாக்கியோடு போனார் சால்ஃபன்ட். மிரட்டத்தான் எடுத்துப் போனேன், தானாக வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார். பேக்கன் செத்தார். சால்ஃபன்ட்டுக்குச் சான் க்வென்டின் சிறையில் பத்து வருஷம். இரண்டே வருஷம் பொறுத்திருந்தால் போதும்: 1881இல் காப்புரிமை தானாகவே காலாவதியானது. பல் மருத்துவ வரலாற்றில் பொறுமையைப் பற்றி இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் அதை அவருக்குச் சொல்ல வேண்டியவர் ஏற்கெனவே கல்லறையில் இருந்தார்.

வல்கனைட்டின் கதை அத்தோடு முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ரப்பர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. விடியலுக்கு முன் எழுந்து பால் மரம் வெட்டியவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! லண்டன் துரை வல்கனைட் பல் செட்டோடு மாட்டிறைச்சியைக் கடித்தபோது, அதற்குள் நம் ஊர்க்காரர் ஒருவரின் அதிகாலைத் தூக்கமும் இருந்திருக்கலாம்.

மறுபடி 19ஆம் நூற்றாண்டுக்கே திரும்புவோம்; அங்கேதான் கற்பூரம் மேடையேறுகிறது. குட்இயர் கம்பெனியின் தொல்லை தாங்காமல் பல் டாக்டர்கள் வேறு பொருளுக்கு ஏங்கிக் கிடந்த நேரத்தில், நியூயார்க் மாநிலத்து அல்பனியில் ஜான் வெஸ்லி ஹையாட் பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் முக்கி எடுத்த நைட்ரோ செல்லுலோஸைக் கற்பூரத்தோடு பிசைந்து செல்லுலாய்டு செய்தார். யானைத் தந்தத்துக்கு மாற்றாக பில்லியர்ட்ஸ் பந்து செய்யக் கிளம்பியவர் அவர். செல்லுலாய்டுக்கு வெடிபஞ்சு பங்காளி முறை. பந்தும் பந்தும் மோதும்போது சில சமயம் 'படார்' என்று சத்தம் கேட்கும். கொலராடோ சலூன் முதலாளி ஒருவர், "எனக்கு ஆட்சேபணை இல்லை, சத்தம் வரும்போதெல்லாம் அறையிலிருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள், அதுதான் சங்கடம்" என்று எழுதியதாக ஹையாட்டே பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்த வெடிக்கார வம்சத்துப் பொருளுக்கு அவர் தேடிய அடுத்த வேலை? மனித வாய்! 1870இல் 'அல்பனி டென்டல் பிளேட் கம்பெனி' தொடங்கினார். பருத்திப் பஞ்சு, கற்பூர மரம்: முழுக்க முழுக்கப் புதுப்பிக்கத்தக்க பல் செட். ஈறு நிறம் அழகாக வந்தது. குறை ஒன்றுதான். சூடாகக் காபி குடித்தால் தளம் குழைந்தது, வாயெல்லாம் கற்பூர வாசனை. எதிரில் நின்று பேசுகிறவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்திருப்பார். கற்பூரம் அந்தச் சுற்றில் தோற்று வெளியேறியது.

1930களில் பெட்ரோலியம் வந்து சிம்மாசனம் ஏறியது. அக்ரிலிக் பல் செட் வல்கனைட்டை ஓரங்கட்டியது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் டி ட்ரே என்ற பல் பொருள் கம்பெனியில் பியர் காஸ்தான், பல் செட்டுக்காக ஒரு பிசின் செய்து 1938இல் காப்புரிமை கேட்டார். பல்லுக்கு அது எடுபடவில்லை. உரிமத்தை வாங்கிய சீபா கம்பெனி 1946இல் அதற்கு வைத்த பெயர்: அரல்டைட். ஆமாம், வாளி ஓட்டைக்கும் செருப்புக்கும் மிக்ஸி கைப்பிடிக்கும் நாம் ரெண்டு டியூபைப் பிதுக்கிக் குழைத்து ஒட்டுகிறோமே, அதேதான். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் ஒட்டுகிற பசை, பிறந்த வீடான வாயில் மட்டும் வேலைக்கு ஆகவில்லை.

ஏன்? வாயைப் போல மோசமான இடம் கிடையாது. எப்போதும் ஈரம். ஐஸ்கிரீம் முடிந்த கையோடு சூடான காபி. கடைவாயில் முறுக்கு நொறுக்கும் அழுத்தம். கோடிக்கணக்கில் கிருமிகள் வாடகை இல்லாமல் குடியிருப்பு. சுவர் ஈரமாக இருக்கும்போது போஸ்டர் ஒட்டச் சொன்னால் எந்தக் கட்சிக்காரனும் கையை விரித்துவிடுவான். பல் டாக்டர்களும் விரித்தார்கள்.

அதே டி ட்ரே கம்பெனிக்காகவே 1940களின் இறுதியில் ஆஸ்கர் ஹாகர் என்ற ரசாயனர் கிளிசரினையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் பிசினாகக் கோத்து இறுகும் மெத்தாக்ரிலேட்டையும் ஒரே மூலக்கூறில் முடிந்து, பல்லின் உட்பகுதியான தந்தினியில் ஒட்டப் பார்த்தார். கிளிசரின் எண்ணெயும் கொழுப்பும் சோப்பாகும்போது கூடவே பிறக்கிற பிள்ளை. ஹாகரின் சரக்கு அன்றைக்கு நீடித்து ஒட்டவில்லை. ஆனால் அந்த மூலக்கூறைச் சேர்த்த பல் பசைகள் இன்றும் விற்கின்றன. தாத்தா காலத்துக் கோட்டை பேரன் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதில்லையா, அந்த மாதிரி.

உண்மையான திருப்பம் 1955இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில், ஈஸ்ட்மன் பல் மருத்துவமனையில் நடந்தது. கோடாக் ஃபிலிம் விற்ற ஜார்ஜ் ஈஸ்ட்மனின் காசில் கட்டியது அது. அந்த ஃபிலிமும் முதலில் செல்லுலாய்டுதான். ஹையாட்டின் கற்பூரம் அந்தக் கட்டடத்துச் செங்கலிலும் கொஞ்சம் மணந்திருக்கும். அங்கே மைக்கேல் பூனகோர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: தொழிற்சாலைகளில் இரும்புக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் பாஸ்பாரிக் அமிலம் தடவுகிறார்கள், அப்போதுதான் பெயின்ட் பிடிக்கிறது. 'பல்லுக்கும் தடவினால் என்ன?'

இந்தக் கேள்வியைச் சாதாரண மனிதன் கேட்டிருந்தால் வீட்டில் கட்டிப்போட்டிருப்பார்கள். அமிலம் பல்லைக் கரைக்காமல் இருக்கத்தான் அந்தத் தொழிலே இருக்கிறது. பூனகோர் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவினார். கழுவிய இடம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி மங்கி, கண்ணுக்குத் தெரியாத குழிகளாக நின்றது. அதில் அக்ரிலிக் சொட்டை வைத்தார். வெறும் பல்லில் வைத்த சொட்டு சில மணி நேரத்தில் விழுந்துவிட, அமிலம் பட்ட பல்லில் வைத்தது வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. குழிக்குள் பிசின் வேர் விட்டுவிட்டது, அவ்வளவுதான் சூட்சுமம். உலகம் உடனே ஓடி வந்து மாலை போட்டதா என்றால் இல்லை. வெகுகாலம் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தடவிய நீல ஜெல் அதே அமிலம்தான், கொஞ்சம் நீர்த்தது.

ஒட்ட வழி கிடைத்தது; நல்ல பிசின் வேண்டுமே. ரஃபேல் போவன் என்ற பல் டாக்டர் அமெரிக்கத் தரநிலை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, 1962இல் பிஸ்-ஜிஎம்ஏ என்ற மோனோமருக்குக் காப்புரிமை வாங்கினார். தேனைவிடக் கெட்டி. அதை இளக்க இன்னொரு மோனோமர், உள்ளே கண்ணாடித் தூள். இன்றைய பல் நிற ஃபில்லிங் பெரும்பாலும் இந்த வம்சம். ஆனால் சம்பந்தி வீட்டை விசாரிக்காமல் பெண் எடுத்துவிட்டார்கள். பிஸ்-ஜிஎம்ஏயின் தாய் பிஸ்ஃபீனால்-ஏ. 1891இல் ரஷ்யாவில் அலெக்சாண்டர் டியானின் முதலில் செய்தது; இசையமைப்பாளரும் ரசாயனருமான பொரோதினின் நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் அவர். 1936இல் லண்டனில் எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ் அதைச் சோதித்துவிட்டு, 'இது பெண் ஹார்மோன் போல நடக்கிறதே' என்றார். உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பிளாஸ்டிக் செய்யப் போய்விட்டது. 1996இல் ஸ்பெயினின் கிரனாடாவில், பல்லில் பூசும் ஒருவகைப் பிசினுக்குப் பிறகு எச்சிலில் பிஸ்ஃபீனால்-ஏ இருந்ததாக ஓர் ஆய்வு வந்ததும்தான் 'அய்யய்யோ' என்றார்கள். வருகிற அளவு மிகச் சொற்பம், பயப்பட ஒன்றுமில்லை என்று பல் மருத்துவச் சங்கங்கள் சொல்கின்றன. இருந்தாலும் 'அது இல்லாமல் செய்ய முடியாதா?' என்ற கேள்வி ஆய்வுக்கூடங்களில் அன்றிலிருந்து ஓயவில்லை.

இடையில் ஜப்பான்காரர்கள் வேறு ஆட்டம் ஆடினார்கள். எனாமலுக்கு அமிலம் சரி, உள்ளேயிருக்கும் தந்தினிக்குப் போட்டால் நரம்பு செத்துவிடும் என்று மேற்கே எல்லோரும் அலறிக்கொண்டிருக்க, டோக்கியோவில் தகாவோ ஃபுசயாமா 1970களின் கடைசியில் இரண்டுக்கும் சேர்த்தே போட்டார். நரம்பு சாகவில்லை. 1982இல் நோபுவோ நகபயாஷி காரணத்தைக் காட்டினார். அமிலம் சுண்ணாம்புச் சத்தை எடுத்ததும் உள்ளே கொல்லாஜன் நார் வலைதான் மிஞ்சும். அந்த வலையில் மோனோமர் ஊறி இறுகினால் பாதி பல், பாதி பிளாஸ்டிக்காக ஒரு படலம் உண்டாகிறது. கஞ்சி போட்ட வேட்டிதான். ரொம்ப உலர்த்தினால் நார் சுருண்டு படுத்துவிடும், கஞ்சி உள்ளே ஏறாது. வேட்டிக்குக் கஞ்சி போட்ட எந்தக் கிழவியையும் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

அப்புறம் குராரே கம்பெனி 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த எம்டிபி என்ற மூலக்கூறு. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஒரு முனை பாஸ்பேட், பல்லின் கால்சியத்தைக் கவ்வும். மறுமுனை பிசினோடு கோத்துக்கொள்ளும். நடுவில் பத்துக் கார்பன் நீளத்துக்கு எண்ணெய்ப் பசையுள்ள முதுகெலும்பு, தண்ணீரைக் கிட்டே விடாது. இந்தப் பத்துக் கார்பன் எங்கே விளைகிறது? ஆமணக்கில்! விளக்கெண்ணெயைக் காரத்தோடு காய்ச்சினால் அதன் பதினெட்டுக் கார்பன் சங்கிலி பத்தும் எட்டுமாக உடையும். பத்து செபாசிக் அமிலம். உலகம் அதை எடுப்பது பெரும்பாலும் விளக்கெண்ணெயிலிருந்துதான். அதை ஒடுக்கினால் பத்துக் கார்பன் டயோல் என்ற ஆல்கஹால் வரும், எம்டிபிக்கு வேண்டிய முதுகெலும்பு அதுதான். உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு நம் நாட்டில், குஜராத்தில் விளைகிறது. சின்ன வயசில் வெள்ளிக்கிழமை தோறும் மூக்கைப் பிடித்து ஊற்றினார்களே, 'போடா விளக்கெண்ணெய்' என்று திட்டினார்களே, அந்த எண்ணெய் வம்சத்தில் இப்படி ஒரு பசைக்காரன்!

ஊறுகாய்க்கும் பங்குண்டு. 1930களின் தொடக்கத்தில் ஜப்பானில் கினோஷிதா, உப்பில் ஊறிய பிளம் பழத்தில் பூத்த பூஞ்சை ஒன்று இட்டகோனிக் அமிலம் சுரப்பதைக் கண்டார். பெயர் விநோதம்: அகோனிட்டிக் அமிலம் என்ற பெயரின் எழுத்தைக் குலுக்கிப் போட்டு வைத்த பெயர் இட்டகோனிக். பெயர் வைக்கச் சோம்பல் பட்டவர்கள் ரசாயனத்திலும் உண்டு. பல வருஷம் கழித்து லண்டன் அரசு ரசாயனக் கூடத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் கண்ணாடித் தூளையும் பாலி அக்ரிலிக் அமிலத்தையும் குழைத்து கிளாஸ் அயனோமர் சிமெண்ட் செய்தார்கள். 1972இல் வெளியிட்டார்கள். பல்லோடு ரசாயனமாகவே ஒட்டியது. ஆனால் அமிலக் கரைசல் பாட்டிலுக்குள்ளேயே அல்வாவாக இறுகித் தொலைத்தது. கோக்கும்போதே இடையிடையே இட்டகோனிக் மணியைச் சேர்த்தார்கள், அடங்கியது. குழந்தைகள் பல்லில் வைக்கிற வெள்ளை சிமெண்ட் பல பிராண்டுகளில் இன்றும் இதுதான். பூஞ்சை பிடித்த பண்டத்தைத் தூக்கி எறிகிற நாம், பூஞ்சை தந்த சரக்கைப் பல்லில் வைத்துக்கொண்டு சிரிக்கிறோம்.

எல்லாச் செடியும் சாது என்று நினைக்க வேண்டாம். கிராம்பு வில்லன். அதன் யூஜெனால் வலியை அடக்கும், பாட்டி வைத்தியம் உண்மைதான். ஆனால் பிசின் இறுகுவதற்குச் சங்கிலி ஓடுகிறதே, அதில் புகுந்து நடுவில் ஓடுகிறவனைக் காலைத் தட்டி விழ வைக்கிறது. சங்கிலி நின்றால் பசை கொழகொழ. அதனால்தான் கிராம்புச் சிமெண்ட் வைத்த பல்லில் உடனே பிசின் ஃபில்லிங் என்றால் டாக்டர் முகம் சுளிப்பார். ஸ்பெயினில் சில ஆய்வாளர்கள் யூஜெனாலுக்கே மெத்தாக்ரிலேட் கையை ஒட்டவைத்து, எதிரியையும் மாலையில் மணியாகக் கோத்தார்கள். அரசியல் தெரிந்தவர்கள்.

இப்போதைய கதாநாயகன் ஐசோசார்பைடு. சர்க்கரையிலிருந்து சார்பிட்டால், சார்பிட்டாலிலிருந்து இரண்டு மூலக்கூறு தண்ணீரைப் பிடுங்கினால் ஐசோசார்பைடு. பிஸ்ஃபீனால்-ஏயின் இடத்தில் இதை உட்காரவைத்துப் புது மோனோமர்கள் செய்து பார்க்கிறார்கள். சொந்தக்காரர்களைப் பார்த்தால் எல்லாம் வாய்க்குத் தெரிந்த முகங்கள்: சார்பிட்டால் பற்பசையில் இருக்கிறது, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை ஐசோசார்பைடின் நைட்ரேட். குறை? சர்க்கரைக் குடும்பம் தண்ணீரைக் கண்டால் விடாது. ஈரத்தை உறிஞ்சுகிற பசையை எச்சிலில் குடிவைப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கற்பூரத்தை மறந்துவிடவில்லை. 1870களில் பல் செட்டோடு தோற்று ஓடியது, நூறு வருஷம் கழித்து வேறு வேஷத்தில் திரும்பியது. 1970களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. கம்பெனியில் கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் தூளைப் பிசினில் துளி கலந்தார்கள். கற்பூரத்தை ஆக்சிஜனேற்றம் செய்தால் கிடைக்கிற சரக்கு. நீல வெளிச்சத்தை விழுங்கி, பக்கத்திலிருக்கும் அமீன் என்ற துணை மூலக்கூறைச் சீண்டிவிட்டு, இறுகும் சங்கிலியைத் தொடங்கி வைக்கும். கோவிலில் கற்பூரம் எரிந்து வெளிச்சம் தரும்; இங்கே வெளிச்சம் கொடுத்தால் கற்பூரம் வேலை செய்யும். டாக்டர் சொன்னது சரிதான்.

இதையெல்லாம் அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் விளக்கினேன். மரத்துப்போன உதடு சரியாகியிருந்தது; உற்சாகம் தாளவில்லை.

"சொத்தைல என்னதாண்டா வச்சாரு அந்த டாக்டரு?"

"கண்ணாடித் தூளும்மா. பசைக்குள்ள கற்பூரத்துலேர்ந்து எடுத்தது ஒண்ணு. விளக்கெண்ணெயிலேர்ந்து வர்ற சமாச்சாரம் ஒண்ணு. ஒட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஆசிட்."

"எவ்வளவு வாங்கினாரு?"

சொன்னேன்.

அம்மா தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு, கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "முக்குல இருக்கற நாட்டு மருந்துக் கடையிலயே எல்லாம் கெடைக்குமேடா. அங்க போயிருந்தா முப்பது ரூபாய்ல முடிஞ்சிருக்கும்."